உணவும் மிஞ்சாமல், நீரும் வீணாகாமல்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

வீட்டுச் சமையலில் உணவும் நீரும் வீணாவதைக் குறைப்பது பற்றிய கேள்விகளை அனுப்புமாறு சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் மிகுதியானவை ஐயங்களே: சமைத்ததை எவ்வளவு நேரம் வைத்திருக்கலாம், எந்த நீரை மறுபடியும் எதற்குப் பயன்படுத்தலாம், எதைத் தயங்காமல் கொட்டிவிட வேண்டும் என்பவை. ஒரே பொருளைப் பற்றிய கேள்விகளை ஒன்றாக இணைத்து இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி: சமையலறையில் நீரைச் சேமிப்பது என்றால் குழாயைச் சிக்கனமாகத் திறப்பது என்றே இதுவரை எண்ணியிருந்தேன். உணவைக் குப்பையில் போடுவதும் நீரைக் கொட்டுவதும் ஒன்றுதான் என்று அண்மையில் ஒரு கட்டுரையில் படித்தேன். இது மிகைப்படுத்திச் சொல்லப்படுவதா?

பதில்: மிகை இல்லை. ஆனால் எந்த நீரைப் பற்றிப் பேசுகிறோம் என்பதில் தெளிவு வேண்டும். ஒரு பொருளை விளைவிப்பதற்கும் பதப்படுத்துவதற்கும் செலவாகி, அந்தப் பொருளில் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் நீரை மறைநீர் என்கிறோம். இக்கருத்தை 1990களில் முன்வைத்த பிரிட்டிஷ் பேராசிரியர் ஜான் ஆண்டனி ஆலனுக்கு 2008ஆம் ஆண்டின் ஸ்டாக்ஹோம் நீர் விருது வழங்கப்பட்டது. 2002இல் நெதர்லாந்தைச் சேர்ந்த அர்யென் ஹூக்ஸ்ட்ரா நீர்த்தடம் என்ற கணக்கீட்டு முறையை உருவாக்கினார். அந்த முறையில் பார்த்தால், உலகச் சராசரியாக 1 கிலோ அரிசிக்குச் சுமார் 2,500 லிட்டரும், 1 கிலோ கோதுமை ரொட்டிக்குச் சுமார் 1,600 லிட்டரும், உருளைக்கிழங்குக்குச் சுமார் 290 லிட்டரும், மாட்டிறைச்சிக்குச் சுமார் 15,400 லிட்டரும் செலவாகின்றன.

இதை உங்கள் அடுப்படிக்குக் கொண்டுவந்து பாருங்கள். 100 கிராம் அரிசியைச் சமைத்து, அதை உண்ணாமல் கொட்டினால், அதனுடன் போவது சுமார் 250 லிட்டர் மறைநீர். அதே அரிசியைக் களையவும், வேகவைக்கவும், அந்தப் பாத்திரத்தைத் துலக்கவும் எவ்வளவு தாராளமாக நீரைச் செலவழித்தாலும் இந்த அளவை எட்ட முடியாது.

ஒரு விளக்கத்தையும் இங்கே சேர்க்க வேண்டும். நீர்த்தடக் கணக்கில் பெரும்பகுதி வயலில் பெய்த மழைநீர். ஆற்றிலிருந்தும் நிலத்தடியிலிருந்தும் எடுக்கப்படும் பாசன நீர் அதில் ஒரு பகுதி மட்டுமே. ஆகவே 250 லிட்டர் என்பது உங்கள் வீட்டுத் தொட்டியில் குறைந்துபோன நீர் அன்று. இருந்தாலும், உலகில் மனிதர்கள் ஆறு, ஏரி, நிலத்தடி ஆகியவற்றிலிருந்து எடுக்கும் நன்னீரில் ஏறத்தாழ 70 சதவீதம் வேளாண்மைக்கே செல்கிறது என்பதை நினைத்தால், உண்ணப்படாத விளைச்சல் எவ்வளவு பெரிய இழப்பு என்பது விளங்கும். ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் 2024இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022ஆம் ஆண்டில் கடைகள், உணவகங்கள், வீடுகள் ஆகிய மூன்றிலும் சேர்ந்து 105 கோடி டன் உணவு வீணானது. அதில் 60 சதவீதம் வீடுகளில் வீணானது. ஆளுக்கு ஆண்டொன்றுக்கு 79 கிலோ என்று அந்த அறிக்கை வீடுகளுக்குக் கணக்கிடுகிறது. தோல், எலும்பு போன்ற உண்ண இயலாத பகுதிகளும் இந்த எடையில் அடங்கும். அவற்றைக் கழித்துப் பார்த்தாலும் எஞ்சுவது சிறிய அளவு அன்று.

எனவே என் கருத்தில், சமையலறையில் நீரைக் காக்க விரும்புபவர் முதலில் பார்க்க வேண்டியது குப்பைக் கூடையை. அதற்கு அடுத்ததாகத்தான் குழாயை. இரண்டையும் பார்க்க வேண்டும் என்பதில் ஐயமில்லை. வரிசை மட்டும் மாறக்கூடாது.

கேள்வி: எவ்வளவு கவனமாக இருந்தாலும் எங்கள் வீட்டில் ஒவ்வொரு வேளையும் சிறிது மிஞ்சிவிடுகிறது. குறைந்துவிடுமோ என்ற அச்சத்தில் கை தானாகவே ஒரு பிடி கூடுதலாக அள்ளிப் போடுகிறது. அளவைச் சரியாகப் பிடிப்பது எப்படி?

பதில்: அந்த ஒரு பிடியில்தான் வீணாதல் தொடங்குகிறது என்பதைத் தாங்களே கண்டுகொண்டிருக்கிறீர்கள். பற்றாக்குறை வந்துவிடுமோ என்ற அச்சம் இயல்பானது. உண்பவர்கள் மீதுள்ள அக்கறையிலிருந்து அது பிறக்கிறது. எனவே அந்த அச்சத்தை அடக்குவதைவிட, அதற்கு வேறொரு வழியில் விடை வைத்துக்கொள்வது நல்லது. கூடுதலாகச் சமைத்து வைப்பதற்கு மாறாக, 10 அல்லது 15 நிமிடங்களில் சமைத்துவிடக்கூடிய ஒன்றைச் சமைக்காமல் கையிருப்பில் வைத்திருங்கள். முட்டை, ரவை, நூடுல்ஸ், உறையவைத்த பட்டாணி என எதுவாகவும் அது இருக்கலாம். சமைக்காத பொருளுக்கு வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ ஆயுள் உண்டு. சமைத்த உணவுக்கோ அடுப்பிலிருந்து இறக்கிய நொடியிலிருந்து நேரம் ஓடத் தொடங்கிவிடுகிறது. குறைந்தால் சமைத்துக்கொள்ளலாம் என்ற உறுதி இருக்கும்போது கை கூடுதலாக அள்ளாது.

அளவைப் பொறுத்தவரை, கண்ணளவை நம்பாமல் ஒரே குவளையால் எப்போதும் அளக்கும் வழக்கத்தை ஏற்படுத்திக்கொள்ளுங்கள். பெரியவர் ஒருவருக்கு ஒரு வேளைக்கு 75 முதல் 90 கிராம் வரை அரிசி என்பது தொடக்கத்துக்கு ஏற்ற அளவு. வெந்ததும் அது ஏறத்தாழ மூன்று மடங்கு எடையாகிவிடும். உடலுழைப்பு, வயது, உடன் பரிமாறப்படுபவை ஆகியவற்றுக்கு ஏற்ப உங்கள் வீட்டு அளவு இதிலிருந்து கூடும் அல்லது குறையும். ஒரு வாரம் அளந்து பார்த்தால் அது தெரிந்துவிடும்.

இதைவிடப் பயன்தரும் இன்னொரு பழக்கம், கொட்டியவற்றைக் குறித்துவைப்பது. குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு தாளை ஒட்டி, எதைக் கொட்டினோம், ஏன் கொட்டினோம் என்று இரண்டே சொற்களில் எழுதுங்கள். ‘சோறு, மிஞ்சியது’, ‘கீரை, அழுகியது’, ‘பால், மறந்தது’ என்பது போல எழுதினால் போதும். வாரக் கடைசியில் பார்த்தால், பல பொருள்கள் சிறிது சிறிதாக வீணாவதில்லை என்பதும், இரண்டு மூன்று பொருள்களே திரும்பத் திரும்ப வீணாகின்றன என்பதும் பெரும்பாலான வீடுகளில் தெரியவரும். அந்த இரண்டு மூன்றை மட்டும் சரிசெய்தால் போதும். எல்லாவற்றையும் ஒரே நாளில் திருத்த முயல்பவர்கள் விரைவில் சலித்துவிடுகிறார்கள்.

கேள்வி: இரவு மிஞ்சிய உணவை அடுப்பிலேயே மூடிவைத்துவிட்டு, காலையில் நன்றாகக் கொதிக்க வைத்து உண்கிறோம். கொதிக்க வைத்தால் கிருமிகள் இறந்துவிடும்தானே?

பதில்: கிருமிகளில் பெரும்பாலானவை இறக்கும். அவை ஏற்கெனவே உண்டாக்கிவிட்ட நஞ்சு எல்லாம் அழியும் என்று சொல்ல முடியாது. இந்த வேறுபாடு மிகவும் முக்கியமானது என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

அரிசி உள்ளிட்ட தானியங்களில் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இயல்பாகவே இருக்கும். இந்த வித்துகள் சோறு வேகும் வெப்பத்தையும் தாங்கிக்கொள்ளும். வெந்த சோறு அறை வெப்பநிலையில் பல மணி நேரம் கிடக்கும்போது அவை முளைத்துப் பெருகி, வாந்தியை உண்டாக்கும் ஒரு நஞ்சைச் சுரக்கின்றன. அந்த நஞ்சு, மீண்டும் கொதிக்க வைத்தாலும் சிதையாத தன்மை கொண்டது. ஆகவே காலையில் எவ்வளவு நேரம் கொதிக்க வைத்தாலும், இரவு முழுவதும் வெளியே இருந்த சோற்றை அது பாதுகாப்பானதாக மாற்றாது. வாசனையும் சுவையும் மாறாமல் இருப்பதையும் சான்றாகக் கொள்ளக்கூடாது.

பொதுவாக 5 டிகிரி முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பநிலையில் பாக்டீரியா விரைவாகப் பெருகும். சமைத்த உணவு இந்த இடைவெளியில் 2 மணி நேரத்துக்கு மேல் இருக்கக்கூடாது. அறையின் வெப்பம் 32 டிகிரியைத் தாண்டினால் 1 மணி நேரமே எல்லை. மிஞ்சும் என்று தெரிந்தவுடன், எல்லாரும் உண்டு முடிக்கும்வரை காத்திராமல், அந்தப் பகுதியை அகலமான, ஆழமில்லாத பாத்திரத்தில் பரப்பிவிடுங்கள். பெரிய பாத்திரத்தின் நடுவில் இருக்கும் உணவு ஆறுவதற்குப் பல மணி நேரம் பிடிக்கும். பரப்பிய உணவு விரைவில் ஆறிவிடும். ஆவி அடங்கியதும் மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாம். முற்றிலும் சில்லென்று ஆன பிறகுதான் உள்ளே வைக்க வேண்டும் என்று பலர் எண்ணுகிறார்கள். அந்தக் காத்திருப்பில்தான் 2 மணி நேரம் கடந்துபோகிறது.

பெட்டியின் உள்வெப்பநிலை 4 டிகிரி அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும். சோற்றை அடுத்த நாளுக்குள் உண்டுவிடுவது நல்லது. மற்றச் சமைத்த உணவுகளை 3 அல்லது 4 நாட்கள் வரை வைத்திருக்கலாம். சூடாக்கும்போது, உண்ணும் அளவை மட்டும் எடுத்து, நடுப்பகுதியும் 74 டிகிரியை எட்டுமாறு சூடாக்க வேண்டும். முழுவதையும் எடுத்துச் சூடாக்கி, மிஞ்சியதைத் திரும்ப உள்ளே வைப்பதைத் தவிர்த்துவிடுங்கள்.

இந்த நேர எல்லைகளைக் கடந்த உணவைக் கொட்டுவதில் குற்ற உணர்வு வேண்டாம். குறிப்பாகக் குழந்தைகள், கருவுற்ற பெண்கள், முதியோர், நோயிலிருந்து தேறிவருபவர்கள் இருக்கும் வீட்டில், வீணாக்கக்கூடாது என்ற எண்ணத்தால் ஐயத்துக்குரிய உணவைப் பரிமாறிவிடாதீர்கள். உணவைக் காப்பாற்ற வேண்டிய நேரம், அது மிஞ்சிய முதல் மணி நேரம்தான். மறுநாள் காலை அன்று.

கேள்வி: பொட்டலத்தில் அச்சிட்ட தேதி கடந்தவுடன் எல்லாவற்றையும் எறிந்துவிட வேண்டுமா?

பதில்: எந்தத் தேதி என்பதைப் பாருங்கள். ‘பெஸ்ட் பிஃபோர்’ என்று அச்சிட்டிருந்தால் அது தரத்தைக் குறிக்கும் தேதி. அதற்குப் பிறகு மொறுமொறுப்போ மணமோ குறையலாம். சரியாகச் சேமித்து, பொட்டலம் பழுதாகாமல் இருந்தால் உணவு உடனே கெட்டுவிட்டது என்று பொருளில்லை. ‘யூஸ் பை’ அல்லது ‘எக்ஸ்பைரி’ என்று அச்சிட்டிருந்தால் அது பாதுகாப்பு பற்றியது. அதைக் கடந்தபின் உண்ணக்கூடாது.

கேள்வி: வாரத்துக்கு ஒருமுறை காய்கறி வாங்குகிறேன். நான்காம் நாளே பாதி வாடியோ அழுகியோ விடுகிறது. எல்லாவற்றையும் குளிர்சாதனப் பெட்டியில்தான் வைக்கிறேன். எங்கே தவறுகிறது?

பதில்: எல்லாவற்றையும் ஒன்றாக, ஒரே இடத்தில் வைப்பதுதான் காரணமாக இருக்கக்கூடும். ஆப்பிள், வாழைப்பழம், தக்காளி, அவகாடோ போன்றவை பழுக்கும்போது எத்திலீன் என்ற வாயுவை வெளியிடுகின்றன. கீரைகள், பிராக்கோலி, வெள்ளரி, கேரட் ஆகியவை அந்த வாயுவால் விரைவில் மஞ்சளாகவோ, கசப்பாகவோ, மென்மையாகவோ மாறிவிடும். இந்த இரு வகைகளையும் தனித்தனி அறைகளில் வைத்தாலே ஓரிரு நாட்கள் ஆயுள் கூடும்.

உருளைக்கிழங்கைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கத் தேவையில்லை. குளிரில் அதன் மாவுச்சத்து சர்க்கரையாக மாறிச் சுவை கெடுவதோடு, வறுக்கும்போது விரைவில் கருகும். வெளிச்சம் படாத, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். வெளிச்சம் பட்டால் அது பச்சை நிறமாகி, சோலனைன் போன்ற நச்சுப்பொருள்கள் அதில் கூடும்; பச்சையான பகுதியை ஆழமாக வெட்டி நீக்க வேண்டும், கிழங்கு முழுவதும் பச்சையாகிவிட்டால் எறிந்துவிட வேண்டும். வெங்காயத்தையும் உருளைக்கிழங்கையும் ஒரே கூடையில் போடாதீர்கள். ஒன்றின் அருகாமை மற்றொன்றை விரைவில் கெடுத்துவிடும்.

கீரையையும் கொத்துகளையும் வாங்கியவுடன் கழுவி ஈரத்தோடு உள்ளே வைப்பதும் அழுகலுக்குக் காரணமாகிறது. கழுவாமல், உலர்ந்த துணியிலோ தாளிலோ சுற்றி வைத்து, சமைப்பதற்கு முன் கழுவுங்கள். ஏற்கெனவே வாடிய கீரையை எறிய வேண்டாம். வாடுதல் என்பது பெரும்பாலும் இலையின் உயிரணுக்கள் நீரை இழந்திருப்பதே ஆகையால், குளிர்ந்த நீரில் 15 முதல் 30 நிமிடங்கள் போட்டுவைத்தால் இலைகள் நிமிர்ந்துவிடும். குழகுழப்பும் துர்நாற்றமும் தோன்றிவிட்டால் அது வாடல் அன்று, அழுகல். அதற்கு மாற்று இல்லை.

பூஞ்சை பற்றிப் பலரும் கேட்டிருந்தார்கள். கேரட், முட்டைக்கோஸ் போன்ற கெட்டியான காய்களில் ஓரிடத்தில் மட்டும் பூஞ்சை இருந்தால், அதைச் சுற்றி 2.5 சென்டிமீட்டர் அளவுக்கு வெட்டி நீக்கிவிட்டு எஞ்சியதைப் பயன்படுத்தலாம். ரொட்டி, தக்காளி, தயிர், சமைத்த உணவு போன்ற மென்மையானவற்றில் பூஞ்சையின் இழைகள் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே பரவியிருக்கும் என்பதால் முழுவதையும் நீக்கிவிட வேண்டும்.

வாரத்தின் நடுவில் ஒரு நாளை, புதிதாக எதையும் வாங்காமல் இருப்பதை வைத்தே சமைக்கும் நாளாக வைத்துக்கொள்ளுங்கள். மென்மையான இலைகளை முதல் இரண்டு நாட்களில் சமைத்துவிட்டு, கிழங்குகளையும் முட்டைக்கோஸையும் கடைசிக்கு விட்டுவைப்பது இயல்பான வரிசை.

கேள்வி: தோல், தண்டு, இலை ஆகியவற்றில் எவற்றைச் சமைக்கலாம்?

பதில்: பிராக்கோலி, காலிஃபிளவர் ஆகியவற்றின் தண்டுகளையும் இலைகளையும், பீட்ரூட், முள்ளங்கி ஆகியவற்றின் இலைகளையும் சமைக்கலாம், தண்டின் வெளித்தோலைச் சீவிவிட்டால் உள்ளே மென்மையாக இருக்கும். நன்றாகத் தேய்த்துக் கழுவிய கேரட்டையும் இளம் உருளைக்கிழங்கையும் தோலோடு சமைப்பதில் தவறில்லை, நார்ச்சத்தும் கிடைக்கும். சுத்தமான துண்டுகளை உறையவைத்துச் சேர்த்து, ஒரு நாள் சூப்புக்கான சாறு எடுக்கலாம். அழுகத் தொடங்கியதைச் சாற்றில் போட்டு மறைக்கக்கூடாது. ருபார்ப் போன்ற சில செடிகளின் இலைகள் நச்சுத்தன்மை கொண்டவை என்பதால், தெரியாத இலையைச் சோதித்துப் பார்க்க வேண்டாம்.

கேள்வி: இப்போது குழாய்ப் பக்கம் வருகிறேன். கழுவுதல், வேகவைத்தல் ஆகிய இரண்டிலும் நீரைக் குறைக்க என்ன செய்யலாம்? நீரைக் குறைத்தால் சுத்தம் கெடாதா, சுவை கெடாதா?

பதில்: முதலில் உங்கள் குழாயை அளந்துவிடுங்கள். 1 லிட்டர் பாத்திரத்தை வைத்து, அது நிரம்ப எத்தனை நொடிகள் ஆகின்றன என்று பாருங்கள். 6 நொடிகளில் நிரம்பினால், நிமிடத்துக்கு 10 லிட்டர் ஓடுகிறது என்று பொருள். காய்களைக் கழுவ 3 நிமிடங்கள் திறந்துவிட்டால் 30 லிட்டர் போய்விடும். இந்த எண்ணைத் தெரிந்துகொண்ட பிறகு குழாயைத் திறந்துவைக்க மனம் வராது. குழாயின் நுனியில் பொருத்தும் ஏரேட்டர், நீரோடு காற்றைக் கலந்து ஓட்டத்தைக் குறைக்கும் சிறிய கருவி. கழுவும்போது வேறுபாடு பெரிதாகத் தெரியாது.

கழுவுவதில் நீரின் அளவைவிடத் தேய்ப்பதே அழுக்கை நீக்குகிறது. ஒரு அகன்ற பாத்திரத்தில் நீரை நிரப்பி, அழுக்குக் குறைந்தவற்றை முதலிலும், மண் ஒட்டிய கிழங்குகளையும் கீரையையும் இறுதியிலும் கழுவுங்கள். கீரையை நீரில் அலசி, மண் அடியில் தங்கியபின் கீரையை மேலிருந்து எடுக்க வேண்டும். பாத்திரத்தைச் சாய்த்து வடித்தால் மண் மீண்டும் இலையில் ஏறிவிடும். நீர் தெளியும்வரை இதைத் திரும்பச் செய்து, கடைசியில் மட்டும் மெல்லிய ஓட்டத்தில் ஒருமுறை காட்டினால் போதும். இறைச்சியைப் பொறுத்தவரை, கோழி உள்ளிட்ட பச்சை இறைச்சியைக் கழுவ வேண்டாம் என்றே உணவுப் பாதுகாப்பு அமைப்புகள் அறிவுறுத்துகின்றன. தெறிக்கும் நீர்த்துளிகள் கிருமிகளைத் தொட்டியிலும் மேடையிலும் பரப்புகின்றன, கிருமிகளை அழிப்பதோ நன்றாகச் சமைப்பதுதான்.

வேகவைப்பதில் மூடியின் பங்கு பெரிது. 25 டிகிரியில் உள்ள 1 லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரத் தேவைப்படும் வெப்பத்தைப்போல ஏறத்தாழ 7 மடங்கு வெப்பம், அதே நீரை முழுவதும் ஆவியாக்கத் தேவைப்படுகிறது. திறந்த பாத்திரத்தில் தளதளவென்று கொதிக்கவிடும்போது நாம் எரிபொருளைச் செலவழித்து நீரை வெளியே அனுப்பிக்கொண்டிருக்கிறோம். கொதி வந்தபின் தீயைக் குறைத்தாலும் நீரின் வெப்பம் கொதிநிலையிலேயே நிற்கும். உணவு அதே வேகத்தில்தான் வேகும். பிரஷர் குக்கரில் அழுத்தம் கூடுவதால் நீர் ஏறத்தாழ 120 டிகிரியில் கொதிக்கிறது. வேகும் நேரமும் குறைகிறது, ஆவியாகும் நீரும் குறைகிறது.

காய்களை நிறைய நீரில் வேகவைத்து வடித்துவிட்டால், நீரில் கரையும் சி வைட்டமினும் ஃபோலேட்டும் அதோடு போய்விடும். ஆவியில் வேகவைத்தால் இந்த இழப்பு குறைவு. பாஸ்தாவையும், பொட்டலத்தில் சொல்லப்படும் அளவுக்கு நீரில்லாமல், அது மூழ்கும் அளவு நீரில் அவ்வப்போது கிளறி வேகவைக்கலாம். மாவு கலந்த அந்த நீர் சாஸைக் கெட்டிப்படுத்தவும் உதவும்.

ஓரிடத்தில் மட்டும் நீரைக் குறைக்கச் சொல்ல எனக்குத் தயக்கம் உண்டு. நிலத்தடி நீரிலும் மண்ணிலும் ஆர்சனிக் மிகுந்த பகுதிகளில் விளைந்த அரிசியை, நிறைய நீரில் வேகவைத்து வடிப்பது அந்த நஞ்சின் அளவைக் கணிசமாகக் குறைக்கும். அதோடு சில பி வைட்டமின்களும் போகும் என்பது உண்மையே. அத்தகைய பகுதியைச் சேர்ந்தவர்கள் நீரைச் சேமிப்பதைக் கருதி வடிக்கும் முறையைக் கைவிட வேண்டாம்.

கேள்வி: அரிசி களைந்த நீர், பயறு ஊறவைத்த நீர், காய் வேகவைத்த நீர், ஆர்.ஓ. இயந்திரம் வெளியேற்றும் நீர் ஆகியவற்றை மறுபடியும் பயன்படுத்தலாமா?

பதில்: நான்கையும் பயன்படுத்தலாம்; நான்குக்கும் பயன் வேறு.

அரிசி களைந்த நீரும் காய் கழுவிய நீரும் செடிகளுக்கு ஏற்றவை. அன்றைக்கே ஊற்றிவிடுங்கள், வைத்திருந்தால் புளித்து நாற்றம் வரும். உப்புப் போடாமல் காய் வேகவைத்த நீரைச் சூப்பிலோ, மாவு பிசைவதற்கோ, பருப்பு வேகவைப்பதற்கோ சேர்த்துக்கொள்ளலாம், ஆறியபின் செடிக்கும் ஊற்றலாம். உப்புப் போட்ட நீர் செடிக்கு ஆகாது.

பயறு ஊறிய நீரைச் சமையலில் சேர்க்க வேண்டாம், செடிக்கு ஊற்றலாம். சிவப்புக் கிட்னி பீன்ஸ் விஷயத்தில் இது இன்னும் முக்கியம்: அதில் லெக்டின் என்ற நச்சுப்புரதம் மிகுதி. குறைந்தது 5 மணி நேரம் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, புதிய நீரில் 30 நிமிடங்கள் நன்றாகக் கொதிக்க வைக்க வேண்டும். குறைந்த வெப்பத்தில் வேகவைக்கும் மின்பாத்திரங்களில் அதை நேரடியாகச் சமைக்கக்கூடாது.

ஆர்.ஓ. இயந்திரங்களில் பல, 1 லிட்டர் குடிநீருக்கு 3 லிட்டர் அளவுக்கோ அதற்கு மேலோ நீரை வெளியேற்றுகின்றன. உப்புகள் அதில் செறிந்திருப்பதால் குடிக்கவும் சமைக்கவும் கூடாது; தரை துடைக்கவும், எச்சில் பாத்திரங்களை முதலில் அலசவும், கழிப்பறைக்கும் பயன்படுத்தலாம். உங்கள் குழாய்நீரில் உப்பு குறைவு என்றால் அந்த இயந்திரமே தேவையா என்று நீரைச் சோதித்துப் பார்த்து முடிவு செய்யுங்கள். அதுவே பெரிய சேமிப்பாக அமையலாம்.

கேள்வி: பாத்திரம் துலக்குவதில் கையால் துலக்குவது நல்லதா, டிஷ்வாஷர் நல்லதா?

பதில்: குழாயைத் திறந்துவைத்துத் துலக்குவதோடு ஒப்பிட்டால், நிறைய நிரப்பி இயக்கப்படும் புதிய வகை டிஷ்வாஷர் குறைவான நீரையே எடுத்துக்கொள்ளும். இரண்டு தொட்டிகளில், ஒன்றில் சோப்பு நீரும் மற்றொன்றில் அலசும் நீரும் வைத்துத் துலக்கினால் கையாலும் அதற்கு ஈடுகொடுக்க முடியும். எந்த முறையானாலும், ஒட்டியிருப்பதை நீரால் அடித்து நீக்காமல் கரண்டியாலோ தாளாலோ முதலில் வழித்துவிடுங்கள். அடிப்பிடித்ததைச் சிறிது நீரில் ஊறவிடுங்கள். எண்ணெயைத் தொட்டியில் ஊற்ற வேண்டாம். அது குழாய்க்குள் உறைந்து அடைத்துக்கொள்ளும்.

ஒழுகும் குழாயை உடனே சரிசெய்யுங்கள். 1 மில்லிலிட்டருக்கு 4 சொட்டு என்று கொண்டால், நொடிக்கு ஒரு சொட்டு வீதம் ஒழுகும் குழாயில் ஒரு நாளில் 21 லிட்டருக்கு மேல் போகிறது.

கேள்வி: உறையவைத்த பொருளை உடனே உருக வைக்க ஓடும் நீரில் காட்டுகிறோம். இது தவிர வழியில்லையா?

பதில்: முந்தைய இரவே கீழ்த்தட்டில், குளிர்சாதனப் பெட்டிக்குள் ஒரு பாத்திரத்தில் வைத்துவிடுங்கள். ஒரு சொட்டு நீரும் செலவாகாது, பாதுகாப்பான முறையும் இதுவே. அவசரமானால், நீர் புகாத உறையில் இட்டு, குளிர்ந்த நீர் நிரம்பிய பாத்திரத்தில் மூழ்கவைத்து, 30 நிமிடங்களுக்கு ஒருமுறை நீரை மாற்றி, உருகியவுடன் சமைத்துவிடுங்கள். மேடைமேல் வைத்து உருகவிடுவது கூடாது.

கேள்வி: மிஞ்சுவதை எல்லாம் மக்க வைத்து உரமாக்கிவிடுகிறேன். அப்படியானால் எங்கள் வீட்டில் எதுவும் வீணாகவில்லை என்று சொல்லலாமா? இன்னொன்று, எங்கள் உரத்தொட்டியில் சில நாட்களாக நாற்றம் வருகிறது, என்ன செய்வது?

பதில்: தாங்கள் செய்வது பாராட்டுக்குரிய பணி. குப்பைமேட்டில் காற்றில்லாமல் அழுகும் உணவு மீத்தேனை உண்டாக்குகிறது. 100 ஆண்டுக் கணக்கில் பார்த்தால் அது கார்பன் டை ஆக்சைடைப் போல ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வாயு. காற்றோட்டமான உரத்தொட்டி அதைத் தவிர்த்து, சத்துகளை மண்ணுக்குத் திருப்பித் தருகிறது. ஆயினும் முதல் கேள்விக்குச் சொன்ன கணக்கை நினைவில் வையுங்கள்: உரத்தொட்டியில் விழும் சோற்றுக்குச் செலவான நீர் திரும்பி வருவதில்லை. முட்டை ஓடும் தேயிலைச் சக்கையும் பழத்தோலும் அங்கே போகட்டும். உண்ணக்கூடிய உணவு அங்கே அடிக்கடி போகுமானால் சமைக்கும் அளவைக் குறைக்க வேண்டும் என்று பொருள்.

நாற்றத்துக்குக் காரணம் பெரும்பாலும் ஈரம் மிகுந்து காற்று குறைந்திருப்பதே. ஒரு பங்கு சமையலறைக் கழிவுக்கு இரண்டு முதல் மூன்று பங்கு என்ற அளவில் உலர்ந்த இலை, மரத்தூள், கிழித்த அட்டை ஆகியவற்றைக் கலந்து, அடிவரை கிளறிவிடுங்கள். கையில் எடுத்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டுக்கு மேல் நீர் வரக்கூடாது. எண்ணெய் கலந்த உணவு, இறைச்சி, பால் பொருள்கள் ஆகியவற்றைச் சிறிய தொட்டியில் போடாமல் இருந்தால் புழுவும் எலியும் வருவதும் குறையும். உலர்ந்த இலையை ஒரு சாக்கில் சேர்த்து உரத்தொட்டிக்கு அருகிலேயே வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறை கழிவைக் கொட்டும்போதும் அதன்மேல் ஒரு அடுக்காகத் தூவி மூடிவிடுங்கள்.